இக்காஸ்டில் ஒரு தராசு

ரண்டர்ஸ் நகரிலிருந்து நண்பர் செல்வத்தைப் பார்க்க வந்தவன், இப்போது அவரது ஊரான இக்காஸ்டின் விளையாட்டு மண்டபத்தில் நிற்கிறேன். தன் மகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கும் இலோனாவிடம், நிறை பார்க்கும் புதுத் தராசொன்றை நீட்டுகிறார் செல்வம். ஒருகாலத்தில் ஹங்கேரிக்காகப் போட்டியிட்டவர் இலோனா. டேனிஷில் வெடிக்கிறார்.

"எங்களைத் தினமும் நிறை பார்த்தார்கள். அரைக் கிலோ கூடினால் பட்டினி. கணுக்கால் உடைந்தபோதும் போட்டியில் இறக்கினார்கள். பதினெட்டு வயதில் எல்லாம் முடிந்தது!"

செல்வம் என் பக்கம் திரும்புகிறார். "பிள்ளை வெல்ல வேணுமெல்லோ, அண்ணை?"

"உமக்கென்ன விசரோ?" தராசைப் பறித்துத் தரையில் போடுகிறேன்.

செல்வத்தின் ஒன்பது வயது மகள் சப்பாத்தைக் கழற்றுகிறாள். தலையில் குத்திய கிளிப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் கிடக்கும் தராசில் ஏறி நிற்கிறாள்.