அம்மா வடிகட்டிய பிரெஞ்சு வைன்

இன்று எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு பாட்டில் படம்!

பிரான்ஸுக்கு டூர் போயிருக்கும் மகள் போட்டது. "அம்மா, இது பிளாங்கெட். லிமூன்னு ஒரு ஊர்ல பண்ற நுரை வைன். ஷாம்பெய்னுக்கும் முந்தினதாம்! கேள்விப்பட்டிருக்கியா?"

கேள்விப்படுவதா? என் கல்யாணத்துக்கே வந்த விருந்தாளி அது! (போர்வை இல்லை மக்களே, வைன்.)

எழுபதுகளின் தொடக்கம், ராயபுரம். மதுவிலக்கை நீக்கியிருந்த சமயம்.

நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். சரக்குக் கப்பலில் சமையல்காரராக வந்துபோகும் பியேர் அவருக்கு தோஸ்து. இருவரையும் சேர்த்துவைத்தது ஓட்டை இங்கிலீஷும் மீன் குழம்பும்தான்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் பியேர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். லிமூவில் அவருடைய அப்பா சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்தது. சாயங்காலம் கேக் வெட்டியதும் ஆளுக்கொரு வாய் குடிக்க வேண்டும், அவரும் வருவார் என்று ஏற்பாடு.

எங்கள் தெருவில் வைன் என்றால் என் அம்மாதான். கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் திராட்சை ஊறப்போட்டு, மல் துணியில் வடிகட்டி, கண்ணாடி மாதிரி எடுப்பாள்.

கல்யாணத்தன்று காலை அந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மங்கலாக இருந்தது. அடியில் வண்டல் வேறு.

"இன்னாடி இது, கலீஜா கீது? இத்த எப்டி நாலு பேரு முன்னாடி வெக்கிறது?"

வாயில் கட்டியிருந்த கம்பியைக் கழற்றினாள்.

டமார்! கார்க் கூரை ஓட்டில் போய் அடித்தது. நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது.

"அய்யோ, கெட்டுப்பூட்ச்சுடி!"

அம்மாவின் வைன் இப்படிப் பொங்கினால் பதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். மல் துணியில் வடிகட்டி, நுரை அடங்கும்வரை கரண்டியால் கிண்டி, திரும்பப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். (துணியைப் பிடித்துக்கொண்டது கல்யாணப் பெண்!)

நைனா பார்த்ததும் தலையில் கைவைத்தார்.

"அந்த நொரைதாம்மே அந்த வைனு! அவன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அம்மா அழுதுவிட்டாள். மாதா கோயிலில் எனக்குத் தாலி ஏறும்போதும் அவள் கண் வீங்கித்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

சாயங்காலம் பியேர் வந்தார். ஒரு வாய் குடித்தார்.

நுரையே இல்லை. ஆப்பிள் வாசனையும் லேசான தித்திப்பும்தான் மிச்சம்.

அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்புறம் பியேர் மெதுவாக ஏதோ சொன்னார். நைனா அதைக் கதவருகே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அவுங்க வூட்ல விசேசம் முடிஞ்சா, மறுநாள் காத்தால பாட்டில்ல மிச்சம் கீறத அவுங்கம்மா ரொட்டியோட குடிப்பாங்களாம். இவனுக்கும் ஒரு வாய் குடுப்பாங்களாம். அதுல நொரையே இருக்காதாம். 'எங்கம்மா கையால குடிச்சாப்ல கீது'ன்றான்மே."

"நெசமாவா? இல்ல எனுக்காக சொல்றானா?"

"கண்ணு கலங்கிகினு நிக்கிறான். நீயே வந்து பாரு."

அம்மா வெளியே வந்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது!

பியேர் கிளம்பும்போது, கிறிஸ்துமஸுக்காக ஊறிக்கொண்டிருந்த ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பி, அவருடைய அம்மாவுக்கென்று கொடுத்தாள். பார்த்தால், மங்கலாக, அடியில் வண்டலோடு!

"இன்னாம்மா, வடிகட்டலியா?" என்று கேட்டேன்.

"சும்மா இருடி. அந்தம்மாவுக்கு இப்டி இருந்தாத்தான் புடிக்கும்."