மிச்சம் கிடந்த ஒரு தடுப்பு

சண்முகவடிவை யாராவது 'லேடி எலக்ட்ரீஷியன்' என்று சொல்லிவிட்டால் போதும், சுருக்கென்று கோபம் வந்துவிடும். ஆம்பளை செஞ்சா வெறும் எலக்ட்ரீஷியன், நான் செஞ்சா மட்டும் லேடியாக்கும் என்பாள். தாராவியில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர்களுக்குக் கீழே வயர் இழுத்தவள், போன வருஷம்தான் பரீட்சை எழுதிச் சொந்த லைசென்ஸ் வாங்கினாள். செம்பூரில் முப்பத்தாறு வீட்டுக் கட்டடம் ஒன்று, அவள் பேரிலேயே வந்த முதல் வேலை. சும்மாவா?

அந்த சொசைட்டியின் செக்ரட்டரி சங்கரநாராயணனுக்கு ஒரு ஆசை. வாசல் பக்கம் லைட் சுவிட்சும் இன்டர்காமும் ஒரே பாக்ஸில் இருந்தால் சுவர் லட்சணமாக இருக்குமாம். இருநூற்று முப்பது வோல்ட்டும் பன்னிரண்டு வோல்ட்டும் ஒரே பாக்ஸில் இருந்தால் நடுவில் தடுப்பு வேண்டும், அதுதான் விதி. இன்டர்காம் வயரின் தோல் மெல்லியது. மெயின் கரண்டு எப்படியாவது அதில் ஏறிவிட்டால், போனை எடுக்கிறவர் கதி அதோகதிதான். ஆகவே பாக்ஸுக்கு ஒன்று என்று எண்ணி முப்பத்தாறு தடுப்பு வாங்கி வந்தாள். ஒன்றுகூடக் கூடுதல் கிடையாது.

வயர் இழுக்கும்போது கை நுழைய இடம் வேண்டுமே. தடுப்பை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இழுத்து முடித்ததும் திரும்பச் சொருகுவது வழக்கம். கையெழுத்துப் போட்டு வேலையை ஒப்படைக்க வேண்டிய அன்று காலையில், கூட வேலை பார்க்கும் ஜெபா சாமான் பையைக் கவிழ்த்தாள். ஒரு தடுப்பு வந்து விழுந்தது.

ஜெபா முகத்தில் ஈயாடவில்லை. பெயின்ட் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் குடிவருகிறார்கள். பக்கத்துக் கட்டடமும் உங்களுக்கே என்று செக்ரட்டரி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கடைக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருப்பான், சல்தா ஹை அக்கா, இப்படியே போகட்டும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

சண்முகவடிவுக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டத்தான் செய்தது. பிறகு விறுவிறுவென்று போய், தடுப்பைச் செக்ரட்டரியின் மேஜைமேல் வைத்தாள். தப்பு எங்களுதுதான், எந்த வீடுன்னு தெரியலை, முப்பத்தாறையும் திறக்கப்போறேன் என்றாள். மனுஷர் கொதித்துப்போனார். பெயின்ட் பாழானால் யார் பதில் சொல்வது, அடுத்த கட்டடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டார். தாராளமா பாருங்க என்றுவிட்டு அவள் மெயினை அணைக்கப் போனாள்.

கீழ் மாடியிலிருந்து தொடங்கினார்கள். பெயின்ட் உரியாமல் சுவிட்ச் பிளேட்டின் ஓரத்தைக் கீறிக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. பத்து வீடு, இருபது வீடு, எல்லாம் சரியாகவே இருந்தன. செக்ரட்டரி பின்னாலேயே வந்து வாசலுக்கு வாசல் உச்சுக் கொட்டினார். முப்பத்தோராவது வீட்டில் தடுப்பு இல்லை. இரண்டு வயரும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சங்கரநாராயணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் தோல் உரியவில்லை, கருகவில்லை.

"ஒண்ணுமே ஆகலையேம்மா. இதுக்கா இத்தனை அமர்க்களம்?"

அவள் தடுப்பைச் சொருகி, பிளேட்டை முடுக்கினாள். மீதி ஐந்து வீட்டையும் திறந்து பார்த்து மூடினாள். அப்புறம்தான் வேலையை ஒப்படைக்கும் காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்து, முழுப் பேரையும் தமிழிலேயே எழுதி, கீழே லைசென்ஸ் நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"இனியும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சார், இதுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்."