காய்ச்சாத பறைகள்

மைக்கை என் கையில் கொடுத்தபோது, கபடியைப் பற்றி நான் அறிந்திருந்தவை அனைத்தும் சாப்பாட்டு வேளையில் கேட்டவை. என் மனைவி உடற்கல்வி ஆசிரியை. நான் அரியலூரில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். மார்கழியில் அவள் மறைந்தாள். அவள் பேசி முடித்து வைத்திருந்த ஆட்டம் மாசியில் நடந்தது. வர்ணனை செய்ய இரண்டு ஊரும் ஏற்கக்கூடிய ஆள் நான்தான் என்று அழைத்தார்கள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆண்டிமடம் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர்கள் அவை. பெரிய ஊர் தார்ச்சாலையை ஒட்டியது. சின்ன ஊர் அதற்குப் பின்னால். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்கள் கபடியில் ஒரு புள்ளிக்காக எழுந்த தகராறு மண்டை உடைப்பாகி, வழக்காகியது. அதன்பின் சின்ன ஊர்க்காரர்கள் பெரிய ஊர்த் தெரு வழியாக பஸ்ஸுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. பள்ளிக்குச் செல்லும் பெண்களும் தோப்பைச் சுற்றியே நடந்தார்கள்.

இரண்டு ஊர்ப் பள்ளிப் பெண்களும்தான் ஆட வேண்டும் என்றாள், அவர்களுக்குக் கபடி கற்பித்த என் மனைவி. இரண்டு ஊரிலும் பறை பழகிய இளைஞர் குழுக்கள் உண்டு. தோற்ற ஊரின் குழு, வென்ற அணியைப் பெரிய ஊர்த் தெரு வழியாகப் பறை முழக்கி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவள் வைத்த நிபந்தனை. யார் வென்றாலும் சின்ன ஊர் அந்தத் தெருவில் நடந்தாக வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. "பெரிய ஊர் வீராங்கனை நடுக்கோட்டைக் கடந்து முன்னேறுகிறார்" என்றேன். கூட்டத்திலிருந்து ஒருவர், "சார், நியூஸ் வாசிக்காதீங்க. கொஞ்சம் கத்துங்க" என்றார். இரண்டு பக்கமும் சிரித்தது. முதன்முறையாக ஒன்றாகச் சிரித்தது.

பிறகு நான் கத்தினேன். கத்தாமல் இருக்க முடியவில்லை. பெரிய ஊர் கேப்டன் ஒரே மூச்சில் இருவரைத் தொட்டுத் திரும்பினாள். சின்ன ஊர்ப் பெண்கள் சங்கிலி கோத்து அடுத்தவளை மண்ணோடு அமுக்கினார்கள். புள்ளிகள் ஏறி ஏறிச் சமமாயின. ஆட்டத்தின் கடைசி ரெய்டுக்கு, 'கபடி கபடி' என்று பாடியபடி சின்ன ஊர் கேப்டன் போனாள். மூவர் அவள் காலைப் பிடித்திருக்க, உடலை நீட்டி, விரல் நுனியால் கோட்டைத் தொட்டாள். சின்ன ஊர் வென்றதாக நடுவர் விசில் ஊதினார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அது செந்தமிழ் இல்லை என்று பின்னர் கூறினார்கள்.

அதன்பின் சத்தம் அடங்கியது. எல்லோரும் பெரிய ஊர்ப் பறைக்குழுவைப் பார்த்தார்கள். அவர்கள் அசையவில்லை. இரண்டு பக்கமும் ஆண்கள் எழுந்து நின்றார்கள். சின்ன ஊர்ப் பக்கம் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

தோற்ற கேப்டன் முழங்கை மண்ணைத் தட்டியபடி குழுவிடம் போனாள். பறையோடு நின்றவன் அவளுடைய அண்ணன்.

"அடிண்ணே. தோத்துதான் போனோம், ஓடிப் போகலையே."

"அடிக்க மாட்டேன்னா சொன்னேன்? பறை காயலடி."

"ஏன் காய்ச்சல?"

அவன் தலையைச் சொறிந்தான். "நாமதான் ஜெயிப்போம்னு இருந்துட்டோம்."

நெருப்பில் காட்டி முறுக்கேற்றாத தோல் பறையில் நாதம் எழாது. வேட்டியை மடித்துக் கட்டியவர்தான் முதலில் சிரித்தார். "எங்க பயலுவளும் காய்ச்சலப்பா! ஒங்க அடியக் கேட்டுக்கிட்டே வூட்டுக்குப் போவலாம்னு இருந்தானுவ."

அவரே முன்னால் போய் முந்திரிச் சருகை இரு கையிலும் அள்ளி வந்தார். யாரோ தீப்பெட்டி கொடுத்தார்கள். தீ எழுந்ததும் இரண்டு குழுவின் பறைகளும் அதைச் சுற்றி நீண்டன. "தள்ளிக்கங்க, தோலு பொசுங்கிடும்" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டார்கள். முதல் அடி விழுந்தபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. மாதக்கணக்கில் அங்கே எதுவும் அதிர்ந்திருக்கவில்லை.

மைதானத்தைவிட்டு வெளியேறியதும், வென்ற பெண்கள் பழக்கத்தில் தோப்புப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"ஏய், இந்தப் பக்கம்டி" என்றாள் தோற்ற கேப்டன்.

பறை முன்னே தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவர், வழியில் நின்ற பைக்கைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார்.