முதுகில் வரைந்த மலை

விழித்திரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, சில நாட்களுக்கு என் கணவர் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்ணுக்குள் செலுத்திய வாயு, திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். சாந்தோமில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டு, முகம் கீழே பார்க்கும்படி தலையணைகளை அடுக்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போதுகூடத் தலை குனிந்தேதான்.

பொழுது போகாமல் தவித்தார். பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்துப் புதிரைப் படித்துக் காட்டுவேன். தரையைப் பார்த்தபடியே விடை சொல்வார்.

ஒருநாள், கத்தி முனை போன்ற மலைமுகடு, ஐந்தெழுத்து என்று வந்தது. ஓய்வு பெறும்வரை பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். "அரெட்" என்றேன் உடனே.

"எப்படி எழுதறது?"

"ஏ, ஆர், இ, டி, இ."

தலையணையில் விரலால் எழுதிப் பார்த்தார். "அதே எழுத்துதான் அரெத்தேம்மா. கிரேக்கச் சொல். எது எதுக்காக இருக்கோ, அதை அருமையா செய்யறது. கத்தின்னா நல்லா வெட்டணும். கண்ணுன்னா நல்லா பார்க்கணும்."

பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் இருந்தபோது படித்த கிரேக்கம். குருப்பட்டத்துக்குச் சில மாதங்களே இருந்தபோது, என்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அங்கிருந்து வெளியே வந்தவர். அதன் பிறகு ஒரு கிரேக்கச் சொல்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"சரி, உன் மலை எப்படி இருக்கும், சொல்லு."

கரும்பலகைக்கு எங்கே போவது? அவர் சட்டையை மேலே தள்ளி, வலது தோள்பட்டைக்குக் கீழே விரலால் குடைந்தேன். "இங்க ஒரு பனியாறு. மலையை அரிச்சுக்கிட்டே இறங்குது. இடது பக்கமும் ஒண்ணு. ரெண்டும் அரிச்சு அரிச்சு, நடுவுல மிஞ்சறது இதுதான்." முதுகெலும்பின் மேல் மெதுவாகக் கோடிழுத்தேன். கூச்சத்தில் நெளிந்தார்.

விரல் கழுத்தருகே வந்தபோது கேட்டுவிட்டேன். "விட்டுட்டு வந்ததுல வருத்தம் இருந்துச்சா, எப்பவாவது?"

அவர் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"கிரேக்கம் போச்சேன்னு இருந்துச்சு. பூசை வைக்க முடியலையேன்னு இல்ல. நான் நல்ல சாமியாரா இருந்திருக்க மாட்டேன். காலைல எழுந்ததும் எனக்குப் பேச ஒரு ஆள் வேணும்." பிறகு, "அந்த இடது பனியாத்தை இன்னும் கொஞ்சம் ஓட விடு. அங்கதான் ரொம்ப அரிக்குது."

சிரித்துக்கொண்டே சொறிந்துவிட்டேன். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

வாயு கரைந்து பார்வை திரும்பியபின், ஒரு மாலை பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனோம்.

"என்ன தெரியுது?"

"கடல் தெரியுது. அடிவானக் கோடு மட்டும் லேசா வளைஞ்சிருக்கு."

போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, சங்கரா கீது, பார்த்துட்டுப் போ" என்றாள் மீன்காரம்மா. அவர் குனிந்து, செவுளை விரலால் விலக்கி, நிதானமாகப் பார்த்தார். நல்லதாகத்தான் எடுத்தார்.