ஒரு 'ங்க'

பதுளையில் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்துக்கு எதிரே நான் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். என் கடை மூலையில் மேசை போட்டு, தமிழ்க் கடிதங்களைச் சிங்களத்துக்கு மாற்றிக் கொடுப்பவர் ஸுபைரா ராத்தா. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கெட்டிக்காரி. என் சிங்களத்தை மட்டும் ஒருநாளும் மெச்சியதில்லை.

போன மழையில் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தை மூடியது. தோண்ட வந்த சிப்பாய்களுக்குத் தமிழ் தெரியாததால் ராத்தாவை அழைத்துப் போனார்கள். சேற்றிலிருந்து தப்பிய கலாராணி என்ற பெண், "அம்மா... உள்ள இருக்காங்க" என்று சொல்லி மயங்கி விழுந்தாள். ராத்தா சொன்னார்: "அம்மா இன்னவா."

சிங்களத்தில் ஒருவர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் 'இன்னவா'தான். கூட ஆளிருந்தால் 'அம்மலா' என்று பெயரோடு ஒரு 'லா' சேர்ப்பார்கள். ராத்தா சேர்க்கவில்லை. அவர் வீட்டில் உம்மா ஒருவரையே 'இருக்காங்க' என்று மரியாதையாகச் சொல்லிப் பழக்கம். கலாராணி வீட்டிலோ 'அம்மா இருக்கு'தான். அவள் வாயில் 'ங்க' வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆள்.

மாலைக்குள் அம்மா மாரியாயியின் உடலை எடுத்தார்கள். உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான் என்று மண்வெட்டிகள் அடுத்த லயத்துக்குப் போய்விட்டன.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்த கலாராணி, வாக்குமூலத்துக்காக வந்திருந்த ராத்தாவிடம், "தங்கச்சிய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அவருடைய போனை வாங்கித் தங்கச்சியின் இலக்கத்துக்கு அடித்தாள். மணி போனது. மறுபடி மறுபடி அடித்தாள். மத்தியானத்தோடு அதுவும் நின்றது.

அன்று ராத்தா சொல்லி மறுபடி தோண்டித் தங்கச்சியை எடுத்தபோது போன் அவள் கையிலேயே இருந்தது. உயிர் எப்போது போயிருக்கும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ராத்தா ஒரு பேச்சைக் கலாராணிக்குத் தமிழில் மாற்றாமல் விட்டார். என்னிடம் மட்டும் சொல்லி அழுதார்: "ரெண்டு நாள் உசுரோட இருந்திருக்கா, அலவி."

அதற்குப் பிறகு யார் வந்து 'ங்க' என்றாலும், "எத்தனை பேரு?" என்று கேட்பார். எனக்கே எரிச்சல் வரும். ஒருவரும் பேசாதபோதும் வாசலைப் பார்த்து அதையே கேட்பார். அப்போது எரிச்சல் வராது, பயம்தான் வரும்.

நேற்றுப் பகலில் கலாராணி வந்தாள். கையில் தங்கச்சியின் மரண அறிக்கை, முழுவதும் சிங்களம்.

"இதப் படிச்சுச் சொல்லுங்க அக்கா. அவங்களும் கேக்கணுமாம். வாசல்ல நிக்கிறாங்க."

நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒருவருமில்லை. மழை பெய்யாத நாள், ஆனால் படியில் ஈரச் செம்மண்.

ராத்தா இம்முறை எத்தனை பேர் என்று கேட்கவில்லை. எழுந்து போய் இன்னும் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் தமிழில் வாசித்தார்.