ஒன்பது புள்ளிக்கு ஒரு பிழை

சுபோதினிக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்தபோது, அவள் படிப்பிக்கத் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில்பாதையை ஒட்டிய ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டு ஹோலில் சனிக்கிழமைகளில் அவளுடைய ஓ.எல். பரீட்சைக்கான கணக்கு வகுப்பு. ரயில் வந்தால் வாயை மூடுவாள். போனதும் விட்ட சொல்லிலேயே தொடங்குவாள். ரூபிகா என்றொரு பிள்ளை, எதைச் சொன்னாலும் “இன்னொருக்காச் சொல்லுங்கோ மிஸ்” என்பாள். சுபோதினி இன்னொருக்காச் சொல்வாள். அதற்கும் விளங்காவிட்டால் தையல்பெட்டிப் பொத்தான்களை மேசையில் கொட்டி நிகழ்தகவு காட்டுவாள். முகம் மாறாது. நானென்றால் இரண்டாம் தரமே பிடரியில் ஒன்று போட்டிருப்பேன்.

வார நாட்களில் அவள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் எம்.பில். செய்துகொண்டே, முதலாம் வருடத்தினருக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளர். ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது. நிரந்தரப் பதவி ஒன்று வரப்போகிறது, ஒன்றே ஒன்று. முப்பத்தொரு வயதில் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான். அதற்கு விண்ணப்பிக்க, பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் படிப்பிக்கப் பழக்கும் பயிற்சியின் சான்றிதழ் வேண்டுமாம். பத்துச் சனிக்கிழமை. ரியூசனை ஞாயிறுக்கு மாற்றிவிட்டுப் போனாள்.

பயிற்றுநர் கலாநிதி றேமண்ட், கொட்டாஞ்சேனைக்காரர். நல்ல மனிதர், சும்மா சொல்லக்கூடாது. மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதைத் திரையைப் பார்த்து நின்று எண்பத்தாறு ஸ்லைட்டாக வாசித்தார். இருபது நிமிடத்துக்கு மேல் பேசினால் ஒருவர் மண்டையிலும் ஏறாது என்பதை மூன்றரை மணித்தியாலம் விளக்கினார். ஆளுக்குப் பத்து நிமிடம் படிப்பித்துக் காட்டும் அமர்வு ஒன்றும் இருந்தது. நாலாம் வாரம் புரொஜெக்டர் பழுது என்று ஏழாம் வாரத்துக்குத் தள்ளினார்கள். ஏழாம் வாரம் மண்டபத்தில் யாருக்கோ பிரியாவிடை. பத்தாம் வாரம் சான்றிதழ் வழங்கும் விழா. ஆக, நீந்தப் பழக வந்தவர்கள் ஒருவர் காலும் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் கொப்பி இருந்தது! வாரம் ஒருமுறை, தன் வகுப்பில் நடந்ததை நினைத்துப் பார்த்து ஒன்றரைப் பக்கம் எழுத வேண்டும். ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்று பெயர். புள்ளியெல்லாம் அதற்குத்தான். முதல் வாரம் சுபோதினி நடந்ததை நடந்தபடி எழுதினாள்: பாடம் நன்றாகப் போனது, பிள்ளைகளுக்கு விளங்கியது. பத்துக்கு நாலு. கீழே சிவப்பு மையில், ‘வளர்ச்சி தெரியவில்லை.’

தேநீர் நேரத்தில் றேமண்டிடம் போய்க் கேட்டாள். “சேர், பாடம் சரியாத்தானே போனது?”

“அதுதான், மகள், பிரச்சினை,” என்றார் அவர், பற்றிஸைக் கடித்துக்கொண்டே. “பிழை எங்க? பிழை இல்லாட்டி எதத் திருத்துறது? திருத்தாட்டி வளர்ச்சி எங்க?”

பக்கத்துக் கதிரைக்காரன் ஜனா, கிருலப்பனையிலிருந்து வரும் பௌதிகவியல் மாணவன், அவளுடைய நாலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு ஒன்பது.

“நான் ஒரு பிள்ளையை அழப் பண்ணினனான் அக்கா.”

“எந்தப் பிள்ளையை?”

“அப்பிடி ஒரு பிள்ளையே இல்லை. உண்மையை எழுதிக்கொண்டு இருக்கிறியள், விசரே உங்களுக்கு?”

அவளுக்கு விசரில்லை, பதவிதான் வேண்டும். இரண்டாம் வாரம் பாதி வகுப்பை நித்திரையாக்கினாள். மூன்றாம் வாரம் எழுப்பிவிட்டாள். எட்டுப் புள்ளி! நாலாம் வாரம் சூத்திரத்தைப் பிழையாக எழுதி, ஐந்தாம் வாரம் மன்னிப்புக் கேட்டாள். ஆறாம் வாரம் கைக்கு நல்ல ருசி பிடித்துவிட்டது. ஒரு மாணவி திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டதாகவும், பொறுமை இழந்து பலகையில் எழுதும் மாக்கரை அவள்மேல் எறிந்துவிட்டதாகவும் எழுதினாள். ஏழாம் வாரம் அந்த மாணவியிடம் “பிழை என்னுடையது” என்றாளாம். அவள் கண் கலங்கி ஒரு சொக்லேட் கொண்டுவந்து நீட்டினாளாம். றேமண்ட் அதை அடுத்த வாரம் வகுப்பில் உரத்து வாசித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்பதரை. அந்த அணியிலேயே அதிவிசேட சித்தி என்ற மிக உயர்ந்த தேர்ச்சி சுபோதினிக்குத்தான்.

நேர்முகத்தேர்வுக்குப் பயிற்சிப் பிரிவின் சார்பில் றேமண்டும் வந்திருந்தார். பெருமை தாங்காமல், சிறந்த கொப்பி என்று அவளுடையதைக் கோப்போடு சேர்த்தும் அனுப்பியிருந்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனல்லவா?

நடுவில் இருந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். “நீங்கள் மாணவர்மேல் மாக்கரால் எறிவீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எறிந்தேன் என்றால் கோபக்காரி. எறியவில்லை என்றால் பொய்க்காரி. சுபோதினி றேமண்டைப் பார்த்தாள். அவர் தண்ணீர்ப் போத்தலின் லேபலை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“அது பொய், சேர். அப்படி எதுவும் நடக்கவில்லை. என் பாடங்கள் நன்றாகத்தான் போயின,” என்றாள். “இப்போதே பத்து நிமிடம் தாருங்கள், படிப்பித்துக் காட்டுகிறேன்.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புள்ளி போடும் தாளில் அதற்கு இடமில்லை என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதினார்கள் என்று தெரியாது. வளர்ச்சி என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

‘வருந்துகிறோம்’ என்ற கடிதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. ரியூசன் பழையபடி சனிக்கு மாறியிருந்தது, பிள்ளைகள் ஹோலில் இருந்தார்கள். கடிதத்தை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு வந்து நிகழ்தகவைத் தொடங்கினாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ மிஸ்,” என்றாள் ரூபிகா.

சொன்னாள்.

“மிஸ், இன்னொருக்கா…”

மாக்கர் பறந்தது. ரூபிகாவின் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டு விழுந்து, கதிரைக்கடியில் உருண்டது. அந்த நேரம் பார்த்து ரயிலும் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ரயில் போன பிறகு எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சுபோதினிக்குத் தெரியவில்லை.

“பிழை என்ரைதானம்மா,” என்றாள் கடைசியில். ஏழாம் வாரம் எழுதிய அதே வசனம். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

“பரவாயில்லை மிஸ். எனக்கு விளங்கீட்டுது,” என்றாள் ரூபிகா, குனிந்த தலை நிமிராமல்.

அடுத்த சனிக்கிழமையும் ரூபிகா வந்தாள். சொக்லேட் ஒன்றும் கொண்டுவரவில்லை, கடைசிக் கதிரையில் போய் இருந்தாள். சுபோதினி பொத்தான்களைக் கொட்டி மூன்று விதமாகச் சொல்லிக் காட்டி, ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்து “விளங்குதா?” என்று கேட்டாள். மூன்று முறையும் “ஓம் மிஸ்” என்றாள் பிள்ளை. வகுப்பு முடிந்து கொப்பிகளை வாங்கிப் பார்த்தபோது, ரூபிகாவின் கொப்பியில் திகதி மட்டும் எழுதியிருந்தது.