பள்ளிவாசலில் எடுத்த படம்

கடல் பொங்கி என் பாட்டியை, மூத்தம்மாவைக் கொண்டுபோனபோது எனக்கு ஏழு வயது. வீடுகளிலிருந்து அடித்துப்போய்க் கரையில் கிடந்த புகைப்படங்களையெல்லாம் பொறுக்கிப் பள்ளிவாசலில் காயப்போட்டிருந்தார்கள். மூத்தாப்பா அவற்றில் ஒன்றைத் தன் மனைவியின் படமென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அது மூத்தம்மா இல்லை என்று உம்மாவுக்கும் எனக்கும் பார்த்தவுடனே தெரிந்தது. அவர் அழுததைப் பார்த்து உம்மா பேசாமல் இருந்துவிட்டார். அதற்காக உம்மாவை நான் மன்னித்ததில்லை.

போன மாதம், கடைசிப் படுக்கையில், மௌத்தாவதற்கு இரண்டு நாள் முன்பு, மூத்தாப்பா அந்தப் படத்தை என் கையில் தந்தார்.

"இவதான் உன்ட மூத்தம்மா. கவனமா வெச்சிக்க மகள்."

"ஓம் மூத்தாப்பா" என்றேன்.

எங்களிடம் வேறு படம் இல்லை. இந்தப் படத்துக்கு உரியவர்கள் எப்போதோ தேடி ஓய்ந்திருப்பார்கள். மூத்தம்மாவை நினைத்துக் கண்ணை மூடினால், இப்போது எனக்கும் இந்தப் பெண்தான் வருகிறார்.